மூணு எண்ணிய யோகேஸ்வரி

யோகேஸ்வரி பிறந்தது மலேசியாவில், பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். பிழைப்பு சுங்கை பட்டாணியில், கையுறைக் கம்பெனியில். பதினெட்டு வருசமாக மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, பக்கத்தில் இருப்பவரிடம் உப்புக் கேட்டாலும் தெருமுனைக்குக் கேட்கும். அப்படி ஒரு தொண்டை.

மகள் ஷாமளா கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிறாள். அரையிறுதி ஆட்டத்துக்கு நானும் வருவேன் என்று ஒரு வாரமாக யோகேஸ்வரி பிடித்த பிடியை விடவில்லை.

"சரி, வா. ஆனா வாயைத் திறக்கக் கூடாது. திறந்தே, அலோர் ஸ்டார் பைனலுக்கு நீ கிடையாது."

"நான் எங்கடி கத்துறேன்?"

அவள் கேட்ட கேட்பில் மேல்வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

ஆட்ட நாளில் பஞ்சாபி சூட்டுக்கு மேலே மகளின் பழைய அணிச் சட்டையைப் பிதுங்கப் பிதுங்க மாட்டிக்கொண்டு, மாணவர் கூட்டத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். வாயைக் கட்ட ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே, வறுத்த கடலை. மகள் பந்து போட்டால் ஒரு பிடி, எதிரணி போட்டால் ரெண்டு பிடி. கன்னம் ரெண்டும் உப்பிப்போய், கண்ணாலேயே கத்திக்கொண்டிருந்தாள்.

சங்கடம் என்னவென்றால், அவளுக்குத் தெரிந்தது நெட்பால். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கோல் ஷூட்டர் அவள்தான். நெட்பாலில் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடக் கூடாது, மூணு வினாடிக்கு மேல் கையில் வைத்திருக்கவும் கூடாது. பந்து இருக்கிறது, வளையம் இருக்கிறது, அப்புறம் சட்டம் மட்டும் எப்படி வேறாகும்? பத்துப் பெண்களும் தட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், ரெஃப்ரி பார்த்துக்கொண்டு நிற்கிறார்! யோகேஸ்வரி இன்னொரு பிடி கச்சாங்கை வாயில் அள்ளிப் போட்டாள்.

கடைசிப் பன்னிரண்டு வினாடி. ஷாமளா அணி ஒரு புள்ளி பின்னால். பந்து, பண்டார் பாரு பக்கத்திலிருந்து வந்த அணியின் ஃபெலிசியா கையில். நேரம் ஓடட்டும் என்று அவள் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அதைப் பார்த்ததும் யோகேஸ்வரி எழுந்துவிட்டாள். பொட்டலம் எங்கே போனதோ.

"ஒண்ணு!"

மண்டபமே திரும்பியது. ஷாமளா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ரெண்டு! மூ...ணு!"

ஃபெலிசியாவும் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருசம் நெட்பால் ஆடியவள். மூணு என்று காதில் விழுந்தால் கை சும்மா இருக்குமா? நெருப்பைத் தொட்டதுபோலப் பந்தை வீசிவிட்டாள். அது நேரே வந்து கண்ணைத் திறந்த ஷாமளாவின் கையில் விழுந்தது. ஷாமளா ஓடினாள், எம்பினாள், போட்டாள். சங்கு ஊதியது. ஒரு புள்ளியில் வெற்றி!

யோகேஸ்வரி முன்னால் இருந்த மலாய்க்காரப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். யார் பெற்ற பெண்ணோ, அவளும் சேர்ந்து குதித்தாள்.

இறங்கி வந்தால் ஃபெலிசியா இடுப்பில் கை வைத்து நிற்கிறாள்.

"ஆண்ட்டி! இது நெட்பால் இல்ல லா!"

"எனக்கென்ன தெரியும் கண்ணு, நான் கோல் ஷூட்டர்."

"நான் சென்டர், ஆண்ட்டி," என்றாள் ஃபெலிசியா. அழத்தான் வந்தாள் பாவம், சிரிப்பு முந்திக்கொண்டது. யோகேஸ்வரியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மேற்கூரைப் புறா ரெண்டு பறந்தது.

ஷாமளா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, நான் என்ன சொன்னேன்?"

"இரு," என்று கையைக் காட்டிவிட்டு, யோகேஸ்வரி போனில் சூப்பர்வைசரிடம் பேசினாள். "அண்ணே, வர்ற சனிக்கிழமை எனக்கு லீவு. ஆமா, அலோர் ஸ்டார் போறேன்."

"நான் இன்னும் சரின்னே சொல்லலையே!"

"உன்னை யாருடி கேட்டா? உங்க கோச் எனக்கு பஸ்ல முன் சீட்டு குடுத்துட்டாரு."