பச்சை முட்டை

மலேசியாவில் ஈப்போவை அடுத்த லகாட்டில் ஸ்டானிஸ்லாஸைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பது வருஷம் செம்பனைக் காய் ஏற்றும் லாரி ஓட்டியவர். ஈப்போவிலிருந்து சித்தியவான் வரை எந்தக் கடையில் மீ கோரிங் நன்றாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சொந்த வீட்டு அடுப்படியில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் முழிப்பார். அதெல்லாம் மனைவி எல்ஸியின் ராஜ்யம். அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்பது அவர் கட்சி. பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மகன் ஜோனதன் சிங்கப்பூருக்குப் போனபின் எல்ஸி வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்க ஆரம்பித்தாள். சித்தியவானில் ஒரு சீனரிடம் சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி வாங்கினாள். அந்தச் சாதிக்கு 'அரோக்கானா' என்று அவர் பெயர் சொல்ல, எல்ஸி காதில் அது ஆரோக்கியம் என்று விழுந்தது. பெட்டைக்கு அதுவே பெயராகிவிட்டது. ஆரோக்கியம் போட்ட முட்டைகளின் ஓடு இளம்பச்சையாக இருந்தது. 'பச்ச முட்டை, பச்ச முட்டை' என்று எல்ஸி குழந்தை மாதிரி பூரித்துப்போனாள். ஈஸ்டருக்கு அவித்து எடுத்துப்போய் தேவாலயத்தில் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். சாயம் பூசும் வேலையே இல்லை.

அந்த நேரத்தில் ஸ்டானிஸ்லாஸ் வெளியே கூட்டாளிகளோடு அரசியல் பேசிக்கொண்டிருப்பார். வீட்டிலோ அவருக்கு முட்டை பொரித்து வந்தது, இல்லையென்றால் உரித்துக் குழம்பில் கிடந்தது. தட்டுக்கு வந்த முட்டைக்கு ஏது ஓடு? ஐந்து வருஷம் அவர் தின்றது என்ன நிறம் என்று அவருக்குத் தெரியாது.

போன வருஷம் ஒரு ராத்திரி முசாங் என்கிற மரநாய் வந்து சேவலைக் கடித்துக் கொன்றுவிட்டது. ஆரோக்கியத்துக்கும் வயதாகிவிட்டது. சேவல் இருந்த கடைசி நாட்களில் இட்ட ஒன்பது முட்டைதான் மிச்சம். இவை பொரிக்காவிட்டால் அந்த வம்சம் அத்தோடு சரி. எல்ஸி அவற்றை ஒரு கூடையில் சேர்த்து அலமாரிக்கு அடியில் வைத்தாள். அந்த வாரமே செம்பட்டைக் கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்தது. அன்றைக்கே, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள்.

பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவள் சொன்னது இதைத்தான்.

"ஏங்க, அடுப்படியிலே பச்ச முட்டை இருக்கு. இன்னைக்கே அடை வச்சிருங்க. மறந்துறாதீங்க."

"அவிச்ச முட்டையவா வைப்பேன்? எனக்குத் தெரியும்லா!"

வீட்டுக்கு வந்தார். மேசைமேல் கடையில் வாங்கிய முட்டை ஒரு தட்டு இருந்தது. அலமாரிக்கு அடியில் கூடை. எடுத்துப் பார்த்தார். ஓடு வெளிர்ப்பச்சை. வாத்து முட்டை. தோட்டத்தில் பிறந்தவருக்கு வாத்து முட்டை தெரியாதா? இதைப் போய் கோழிக்கு வைப்பார்களா? கடை முட்டையில் ஒன்பதை எண்ணி எடுத்து அடை வைத்தார்.

கூடை முட்டையை என்ன செய்வது? விழுந்ததோடு வந்த காய்ச்சலில் வாய் கசக்கிறது, கஞ்சி இறங்கவில்லை என்று எல்ஸி சொல்லியிருந்தாள். அவளுக்கு உப்பு முட்டை என்றால் உயிர். எல்லா டப்பாவையும் திறந்து உப்பைக் கண்டுபிடித்து, காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரில் ஒன்பதையும் ஊறப்போட்டார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவளுக்காக அவர் செய்த முதல் சமையல். சொல்லாமல் கொண்டுபோய் அசத்த வேண்டும் என்று ஆசைப்பட்டார், பாவம்.

"கோழி படுத்திருக்கா?" என்று எல்ஸி தினமும் கேட்பாள்.

"எழுந்திரிக்கவே இல்ல" என்பார் பெருமையாக.

பதினெட்டாம் நாள் முட்டையை அவித்து, ஓட்டோடு பாதியாக நறுக்கி, கஞ்சியோடு கொண்டுபோனார். எல்ஸி ஒரு பாதியை எடுத்து ஓட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஏது?"

"நீ கூடையிலே வச்சிருந்த வாத்து முட்டைதான். ஒம்பதையும் ஊறப் போட்டுட்டேன்."

"அப்ப கோழிக்கு?"

"பச்ச முட்டைதான் வச்சேன். மேசை மேல இருந்துச்சே, அது."

எல்ஸி அந்தப் பாதியைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"வாத்து நம்ம வீட்ல ஏதுங்க? அது ஆரோக்கியம் போட்டது. ஓடே பச்சை" என்றாள் பிறகு. "என் தப்புதான். பச்சைக் கலர்னு சொல்லியிருக்கணும்."

உன் தப்பில்லை எல்ஸி, என் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா? ஆனால் அவர் சொன்னது வேறு.

"சரி, சாப்புடு. ஆறிடும்."

எல்ஸி முழுதும் சாப்பிட்டாள். "உப்பு சரியா இருக்கு" என்றாள். அடுத்த நாள் நெஞ்சில் சளி கட்டியது. நான்காம் நாள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து ஜோனதனும் திரும்பிப் போனான். செம்பட்டைக் கோழி மட்டும் விடாமல் படுத்திருந்தது. பொரிக்காது என்று தெரிந்தும் அதை எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டு சரளா வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஸ்டானிஸ்லாஸ் கூண்டருகே நின்றிருந்தார். கையில் ஆரோக்கியம் அன்று காலையில் போட்ட முட்டை. இளம்பச்சை. இனி அதில் குஞ்சு இல்லை.

சரளா கோழியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். ஒரு முட்டை வெடித்திருந்தது.

"என்னண்ணே, கடை முட்டையவா வச்சீங்க? இதுல எப்படி குஞ்சு வரும்? எல்லாம் கூமுட்டைலா!"

"ஆமாம்மா" என்றார். "கூமுட்டைதான்."

அவள் முட்டையைத்தான் சொன்னாள். ஸ்டானிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எல்ஸி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தன்னைத் திட்டியிருக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.