அக்கா பொய் சொன்ன இரும்பு

என் அக்காவின் கண்ணில் மண்ணைத் தூவ எந்த இரும்பாலும் முடியாது. சுற்றுகிற சாணைக்கல்லில் ஒரு நொடி வைத்துப் பார்ப்பாள். பொறி நீளமாக, கோடு கோடாக விழுந்தால் கார்பன் குறைவு. ஜன்னல் கம்பிக்குத்தான் ஆகும். கிட்டத்திலேயே பொரிந்து பொடிப்பொடியாகச் சிதறினால் கத்திக்கு ஆகிற எஃகு. அவள் கணவர், என் அத்தான், சம்மட்டி பிடிக்கவே பிறந்தவர். ஆனால் பொறி பார்க்க வராது, எல்லாப் பொறியும் அவருக்கு ஒன்றுதான். அதனால் இருபத்தைந்து வருடமாகச் சாணைக்கு முன்னால் அக்கா.

பக்கத்து வீட்டில் இருந்து பார்க்கிற எனக்கு எரிச்சலாக வரும். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்தவள் அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டாள். "லோடு வர்ற நேரம்டி," என்றாள். பெரிய மந்திரி உத்தியோகம்!

இந்த வருடம் வெளியூரில் இருக்கிற அக்காவின் மகள் அவளைக் கூப்பிட்டாள். இரண்டாவது பிரசவம், மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. "ஆறு மாசம் வந்து இரும்மா, தனியா முடியல," என்று அழுதாள். அத்தானோ, "நீ போயிட்டா பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அக்கா சண்டையாவது போட்டிருப்பாள்.

என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு ஒரு காரியம் செய்தாள். பழைய இரும்புக் கடைக்காரர் முதலில் மாதிரிக்குச் சில துண்டுகள் கொண்டுவருவார். அக்கா தலையாட்டினால் லோடு வரும். அன்று பொறி கோடு கோடாகத்தான் விழுந்தது. "அருமையான இரும்பு," என்றாள். தன் கண் போய்விட்டது என்று நினைத்து அத்தான் தன்னை மகளிடம் போக விட்டுவிடுவார் என்பது அவள் கணக்கு.

வந்த லோடில் அத்தான் நாற்பது கத்தி அடித்தார். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்து, அரத்தை வைத்து இழுத்தார். பதம் ஏறிய கத்தியில் அரம் வழுக்க வேண்டும். இதில் சோப்பைச் சீவுவதுபோல் இறங்கியது. நாற்பதும் அப்படியே. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"திருட்டுப் பய! மாதிரிக்கு ஒண்ணு காட்டிட்டு லோடுல வேற தள்ளிட்டான்!" என்று செருப்பை மாட்டினார். அக்கா குறுக்கே போய் நின்றாள்.

"அவர் மேல தப்பில்லைங்க. நான்தான் தெரிஞ்சே பொய் சொன்னேன்."

அத்தான் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அவன் பிள்ளகுட்டிக்காரன்னு பாவம் பாக்கறியா? நீயாவது, இரும்புல பொய் சொல்றதாவது!"

"சத்தியமா சொல்றேன்."

"அட விடு, நான் சண்டைக்குப் போகல. இனிமே மாதிரியே வேண்டாம். லோடு வந்தா ஒவ்வொரு இரும்புப் பட்டையையும் நீயே பாத்துடு."

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், அவ சொல்றது நிஜம்," என்றேன்.

"நீயும் அவகூடச் சேந்துக்கிட்டியா?" என்றார், பாசமாகவே.

மறுவாரம் மகளுக்கு நான்தான் பட்டறை வாசலில் நின்று போன் செய்தேன். "அம்மா எப்ப வர்றாங்க, சித்தி?" என்றாள். உள்ளே சாணை சுற்றுகிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். "சரி, விடுங்க சித்தி," என்று அவளே வைத்துவிட்டாள்.