பெரியவரின் இரத்தம் இல்லாத ஒரு காளை

1978 ஆகஸ்டில் மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்குப் போய்வந்தோம். ஹியூம் நெடுஞ்சாலை. பழைய ஹோல்டன் கார், பின்னால் மாடு ஏற்றும் ட்ரெயிலர். ஒரு வழித் தூரம் ஏறக்குறைய தொள்ளாயிரம் கிலோமீற்றர். எனக்குச் சிட்னியைப் பார்க்க வேண்டியிருந்தது. சந்திரன் அண்ணைக்கு ஒரு காளை வேண்டியிருந்தது.

சந்திரன் அண்ணை பேராதனையில் படித்த மிருக வைத்தியர். கிரெய்கிபர்னுக்கு வடக்கே கொஞ்சம் புல்வெளியும் பதினான்கு பசுக்களும் வைத்திருக்கிறார். சாதாரண ஹெரிபோர்ட் பசுக்களில் தொடங்கி, வெளிநாட்டுச் சிமென்டல் காளைகளின் உறைவிந்தைப் போட்டு, தலைமுறைக்குத் தலைமுறை அந்த இரத்தத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதலில் அரை. பிறகு முக்கால். அடுத்த தலைமுறைப் பெண் கன்றுகளைச் சிமென்டல் வளர்ப்போர் சங்கம் சுத்த இனமாகப் பதிந்துகொள்ளும். அதற்காக ஆறு வருடம் காத்திருந்தவர்.

முதல் தலைமுறைக்கு எல்லோரும் புகழ்ந்த காளையைத்தான் அவரும் எடுத்தார். ஐரோப்பாவில் வாழ்ந்து இறந்த காளை. அண்ணை அதைப் ‘பெரியவர்’ என்பார். இரண்டாம் தலைமுறைக்கு வேறு காளை. விற்பனைப் புத்தகத்தில் அதன் எடை, தாயின் பால், கண்ணைச் சுற்றிய நிறம் எல்லாம் இருந்தன. தகப்பனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அண்ணையும் கேட்கவில்லை. அது பெரியவரின் மகன். தாய்ப்பசுக்கள் பெரியவரின் மகள்கள். இரண்டு பக்கமும் ஒளிந்திருந்த ஒரு குறை சந்தித்துக்கொண்டது. இரண்டு கன்றுகள் குள்ளமாகப் பிறந்தன. பெரிய தலை, மடங்கிய சிறு கால்கள், மூச்சுக்குத் திணறல். இரண்டையும் அண்ணையே ஊசி போட்டு முடித்தார்.

இனி வரும் காளையில் பெரியவரின் இரத்தம் ஒரு துளியும் இருக்கக்கூடாது. விந்து விற்பவர்களிடம் இருந்ததில் பெரும்பகுதி பெரியவருடையது, அல்லது அவர் பிள்ளைகளுடையது. எனவே நேரில் பார்த்து வாங்கவென்று புறப்பட்டோம்.

காலை ஐந்து மணி. ஆகஸ்ட் இங்கே குளிர்காலம். பனி. வரைபடம் பார்ப்பது என் வேலை. பத்தரைக்கு ஆல்பரி; அங்கே பெற்றோல் போட்டோம்.

ஹோல்புரூக்கில் முதல் பண்ணை. சமையலறைச் சுவரில் ஒரு வண்ணப்படம்: பெரியவர். வீட்டுக்காரர் பெருமையாக அதைக் காட்டினார். தேநீர் குடித்துவிட்டு வெளியேறினோம்.

யாஸ் அருகே இரண்டாவது. அதே படம், நல்ல சட்டகத்தில். அந்தப் பண்ணைக்காரரிடமிருந்த மூன்று காளைகளும் பெரியவரின் பேரப்பிள்ளைகள்.

அண்ணை காரை மறுபடி சாலையில் ஏற்றினார். பிறகு சொன்னார்: “இந்த மனிசன் ஒருநாளும் ஒஸ்திரேலியாவுக்கு வரேல்லை, தம்பி. ஆனா எல்லா வீட்டிலையும் சம்பந்தம் வைச்சிருக்கிறார்.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இரவு கோல்பேர்னில் ஒரு மலிவு விடுதி. சுவர் வழியாக யாரோ இருமுவது கேட்டது. சிறந்ததைத் தேர்வதில் என்ன பிழை என்று யோசித்தபடி படுத்திருந்தேன். ஆயிரம் பேரும் ஒன்றையே சிறந்ததாகத் தேர்ந்திருக்கிறார்கள்.

மறுநாள் கேம்டனுக்கு அப்பால் மூன்றாவது பண்ணை. அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி, தனியாக நடத்துகிறார். சுவரில் படம் இல்லை. அவர் எடுத்தது யாரும் விரும்பாத ஒரு காளையின் விந்து: கருஞ்சிவப்பு நிறம், மெதுவான வளர்ச்சி, ஒடுங்கிய இடுப்பு. அதன் மகன் ஒன்று நிற்பதாகச் சொன்னார். அண்ணை தகப்பன் வழி, தாய் வழி, மூன்று தலைமுறை கேட்டார். அவர் மனப்பாடமாகச் சொன்னார். பெரியவர் இல்லை. எங்கேயும் இல்லை.

அண்ணை எழுந்தே விட்டார். ட்ரெயிலரின் கதவைத் திறந்து வைக்கச் சொன்னார் என்னிடம்.

வேலியோரம் அது மேய்ந்துகொண்டிருந்தது. அமைதியான விலங்கு. அண்ணை பின்பக்கம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். பெண்மணி தயக்கத்தோடு விளக்கினார். ஏலத்துக்குக் கொண்டுபோனாராம். ஒருவரும் கேட்கவில்லை. ஏப்ரலில், இலையுதிர்காலத்தில், காயடித்துவிட்டார், இறைச்சிக்கு. அந்தத் தகப்பனின் விந்தும் தீர்ந்துவிட்டது. விலைபோகாததால் விந்து விற்கும் கம்பனி மறுபடி தருவிக்கவில்லை. நாங்கள் வம்சத்தை மட்டும் விசாரிக்கிறோம் என்று நினைத்தாராம்; இனப்பெருக்கத்துக்குக் காளை தேடுகிறோம் என்று நினைக்கவேயில்லை. மன்னிப்புக் கேட்டார். மன்னிக்க எதுவும் இல்லை.

அண்ணை அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

“நாலு மாசம் முந்தி வந்திருக்கலாம்,” என்றார். என்னிடம் அல்ல.

அன்றிரவு மெரிலேண்ட்ஸில் என் பல்கலைக்கழக நண்பன் அறையில் தங்கினோம். காலையில் ஒபரா ஹவுஸ் பார்க்கப் போனோம். மழை. ட்ரெயிலரோடு எங்கேயும் நிறுத்த முடியவில்லை. இரண்டு முறை சுற்றினோம். வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவ்வளவுதான் என் சிட்னி.

திரும்பும் வழி முழுக்க வெறும் ட்ரெயிலர் பின்னால் துள்ளிக்கொண்டே வந்தது.

வீட்டில் பவானி அக்கா, அண்ணையின் மனைவி, தொழுவத்தில் வைக்கோல் பரப்பி வைத்திருந்தார். ட்ரெயிலருக்குள் எட்டிப் பார்த்தார்.

“கிடைக்கேல்லையோ?”

“இல்லை. பக்கத்துக் காணிக்காரன்ரை கறுத்த அங்கஸ் காளையை விடுவம். வேறை இனம்.”

“அப்ப பதிவு?”

“அது போச்சு.”

“முக்கால் இரத்த நாகுக் கன்றுகளை நல்ல விலைக்குக் கேக்கிறாங்கள் எண்டீங்களே. குடுத்திட்டுப் புதுசாத் தொடங்கலாம்தானே?”

“இனம் பெருக்க ஆருக்கும் குடுக்க மாட்டன், பவானி. அந்தக் குள்ளக் கன்று இன்னொருத்தன்ரை வீட்டிலை பிறக்கும்.”

அக்கா பரப்பிய வைக்கோலை அள்ளத் தொழுவத்துக்குப் போனார்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ட்ரெயிலரைச் சிட்னி நகருக்குள் கொண்டுபோகாதீர்கள். புறநகரில் விட்டுவிட்டு ரயிலில் போங்கள். ஆகஸ்டில் யாஸுக்கும் கோல்பேர்னுக்கும் இடையே குளிர் கடுமை. போர்வை எடுத்துச் செல்லுங்கள். மாடு வாங்கப் போகிறவர்கள் முதலில் கடிதம் போடுங்கள், காளையின் தகப்பனையும் இரண்டு பக்கப் பாட்டன்களையும் கேளுங்கள். எல்லோரும் புகழும் காளையென்றால் உங்கள் மந்தையில் சில பசுக்களுக்கு மட்டும் போடுங்கள். யாரும் கேட்காத காளையை வைத்திருப்பவரைத் தெரிந்தால், காத்திருக்காமல் போங்கள்.

ஒரு வருடம் கழித்து, இந்த ஆகஸ்டில் கன்றுகள் பிறந்தன. கறுப்பு, சிலதுக்கு நெற்றியில் வெள்ளை. எல்லாம் நல்ல சுகம். போன ஞாயிறு போயிருந்தேன். அவை வேலியோரமாக ஒன்றையொன்று துரத்தி ஓடுவதை அக்கா காட்டினார். முன்பெல்லாம் கன்று விழுந்த அன்றே, பதிவுக்கென்று சங்கம் அந்த வருடத்துக்குக் குறித்த எழுத்தில் அண்ணை அதற்கொரு பெயர் வைத்துவிடுவார். இவற்றின் பெயர்களைக் கேட்டேன்.

“இதுகளுக்கு வைக்கேல்லை,” என்றார் அண்ணை. வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றப் போனார்.