மூன்று மணி சாக்ஸபோன்

ஏசியின் உறுமலைத் துளைத்துக்கொண்டு ஒரு சாக்ஸபோன் மெல்ல ஏறிவரும். அதன் அடியில் கனத்த தந்திகள், யாரோ அவசரமில்லாமல் படியேறுவதுபோல நடந்துகொண்டிருக்கும். அஜ்மானில் எங்கள் பிளாட்டின் பிற்பகல்கள் எனக்கு இன்றும் இந்த ஒலியாகத்தான் நினைவில் இருக்கின்றன. அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவும் அம்மாவும் துபாயில் வேலை பார்த்தார்கள். காலையில் ஒரே காரில் கிளம்பினால், ஷார்ஜா நெரிசலைத் தாண்டி வீடு திரும்ப எட்டு மணியாகிவிடும். இரண்டரைக்குப் பள்ளி பஸ் இறக்கிவிட்டதும் நானே கதவைத் திறந்து, உள்ளே போய், 'லாட்ச்' போட்டுக்கொள்வேன்.

அப்பாவின் நண்பர் ஒருவர் ஊருக்கே போய்விட்டபோது கொடுத்துச் சென்ற டிவிடிகளில் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் இருந்தது. மழை ஓயாத துறைமுக ஊரில், காணாமல் போனவர்களைத் தேடித் தரும் ஒருவனின் கதை. கதை பாதிதான் புரிந்தது. இசைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. துரத்தும் காட்சியில் டிரம்பெட்டுகள் கூட்டமாகக் கத்தும். உடனே தேவாலயத்துப் பாட்டுப்போல ஒன்று வரும். அது முடிவதற்குள் 'மவுத் ஆர்கன்' ஒன்று தனியாக அழும். ஜாஸ் என்ற சொல்லெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்கு அது வீட்டில் நிறையப் பேர் இருப்பதுபோலக் கேட்டது. அதற்காகவே சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

ஒருநாள் பெல் அடித்தது. யோசிக்காமல் திறந்துவிட்டேன். கலைந்த தலையோடு ஒரு பெண் நின்றிருந்தார்.

"பிள்ளை, நான் பக்கத்து வீடு. ஆஸ்பத்திரியிலை நர்ஸ். இரவு டியூட்டி, இப்பதான் படுத்தனான். உந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ."

யாழ்ப்பாணத் தமிழை நான் நேரில் கேட்டது அதுதான் முதல் தடவை. "சாரி ஆன்ட்டி" என்றேன். போகத் திரும்பியவர் நின்றார்.

"கடைசியா மெதுவா ஒண்டு போச்சுதெல்லே, அது மட்டும் இருக்கட்டும். அதுக்கு நல்லா நித்திரை வரும்."

அந்த மெதுவான சாக்ஸபோன் ஒவ்வொரு கதையின் முடிவிலும் வருவது. மறுநாளிலிருந்து சரியாக மூன்று மணிக்கு, ஸ்பீக்கரை அவர் பக்கத்துச் சுவரை நோக்கித் திருப்பி, அதை மட்டும் போட்டேன். என் வீட்டுச் சத்தத்தை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

பெருமை தாங்காமல் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது. "யாரா இருந்தாலும் கதவத் திறக்கக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்? உனக்கு ஒண்ணுன்னா நாங்க வந்து சேரவே ரெண்டு மணி நேரம் ஆகும்டி." திட்டிக்கொண்டே இருந்தவர் திடீரென்று அழுதார். இனிமேல் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

ஒரு மாதம் கழித்து, மூன்று மணிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பெல் அடித்தது. சட்டென்று நிறுத்திவிட்டுச் சோபாவில் ஒடுங்கி உட்கார்ந்தேன். மறுபடியும் அடித்தது. கதவிலிருந்த கண்ணாடித் துளை எனக்கு எட்டாது. நாற்காலி போட்டுப் பார்த்திருக்கலாம்; பார்த்தால் திறந்துவிடுவேன் என்று பயந்தேன். செருப்புச் சத்தம் விலகிப் போனது.

அதன் பிறகும் நான் தினமும் போட்டேன். பத்து நாளோ என்னவோ கழித்து, பள்ளியிலிருந்து வந்தபோது பக்கத்து பிளாட் திறந்து கிடந்தது. உள்ளே வெறும் தரை, பெயிண்ட் வாளிகள். "சிஸ்டர் தோ சலி கயி" என்றார் வாட்ச்மேன் பாய். சிஸ்டர் போய்விட்டார், ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது என்று அவருடைய இந்தியிலிருந்து புரிந்துகொண்டேன். அத்தனை நாளும் காலி அறைக்குத்தான் போட்டுக் காட்டியிருக்கிறேன். அன்று மூன்று மணிக்கு டிவியைப் போடவில்லை. வீட்டுப்பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வரிகூட எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நானும் துபாயில்தான் வேலை பார்க்கிறேன். அந்தக் கட்டடம் இருந்த இடத்தில் கார்கள் நிறுத்துகிறார்கள். தொடரின் இசை முழுவதும் போனிலேயே கிடைக்கிறது; ஒரு விரல் பட்டால் போதும், மெட்ரோவில் காதுக்குள் மட்டும் ஒலிக்கும். நர்ஸின் பெயரை நான் கேட்டுவைக்கவில்லை. திருச்சியில் இருக்கும் அம்மாவிடம் போன வாரம் கேட்டுப் பார்த்தேன்.

"பக்கத்து பிளாட்டா?" என்று யோசித்துவிட்டுச் சொன்னார். "அதுல யாரும் இருந்த மாதிரியே ஞாபகம் இல்லையேம்மா. எப்பவும் பூட்டித்தானே கெடக்கும்?"