பிளம்பர் வைத்த ராணி

கடைசிச் சுற்றுக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. பிளம்பர், போட்டி அரங்கின் கழிவறையில் நின்று, சட்டைப் பையிலிருந்த குட்டி ஸ்பேனரால் ஒழுகும் குழாயை முடுக்கிக்கொண்டிருந்தார். எந்தச் சதுரங்கப் போட்டிக்குப் போனாலும் அவருக்கு முதல் வேலை இதுதான். "சொட்டு சத்தம் கேட்டா எனக்கு மூளை ஓடாது சார்" என்றார், ஆட்டம் பார்க்க வந்த என்னிடம்.

ஆட்டமும் அதே லட்சணம்தான். எதிராளியின் ராஜாவுக்கு ஒரு சந்து பொந்து விடமாட்டார். "முதல்ல ஓட்டைய அடைக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்" என்பார்.

எதிரே பல் டாக்டர். பதினொரு வருடமாக மோதுகிறார்கள். ஆளுக்கு ஏழு வெற்றி. இந்த முறை டாக்டர் அரைப் புள்ளி முன்னால் இருந்தார். டிரா ஆனால் தேசியப் போட்டிக்கு அவர் போவார். ஜெயித்தால் பிளம்பர் போவார். ஐம்பத்திரண்டு வயதில் முதல் வாய்ப்பு. "வீட்ல இப்பவே பெட்டி கட்டிட்டா சார். ஜெயிக்காம போனா அந்தப் பெட்டியோட என்னையும் வெளிய வச்சிடுவா."

நாலு மணி நேரம் இருவரும் இம்மி விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு டாக்டர் ஒரு நொடி அசந்தார். பிளம்பரின் சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் ராணியாகிவிட்டது. டாக்டருக்கு மிச்சம் மூலையில் ஒண்டிய ராஜா மட்டும். பிளம்பரின் கடிகாரத்தில் பன்னிரண்டு விநாடி. தாராளமாகப் போதும். தோல்வியை ஒப்புக்கொள்ள டாக்டர் கையைத் தூக்கினார். அதற்குள் பிளம்பர் ராணியை நகர்த்திவிட்டுக் கையை எடுத்தார்.

நான் பலகையை எட்டிப் பார்த்தேன். ராஜாவுக்குச் செக் இல்லை. ஆனால் நகர ஒரு கட்டமும் இல்லை. அத்தனை வழியையும் அடைத்துத் தொலைத்துவிட்டார் மனுஷன். விதிப்படி அது டிரா.

"என்னங்க பண்ணிட்டீங்க?" என்றார் டாக்டர். தேசியப் போட்டி மடியில் வந்து விழுந்தும் பேயறைந்தவர்போல உட்கார்ந்திருந்தார்; தூக்கிய கையை இறக்கவும் தோன்றவில்லை.

"ஏன், நல்லா அடைச்சிருக்கேனே" என்றார் பிளம்பர். அப்புறம்தான் பலகையைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

நடுவர் இருவரிடமும் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். வேடிக்கை பார்த்தவர்கள் நகர்ந்தார்கள். பிளம்பர் ராணியை எடுத்து, அது போயிருக்க வேண்டிய பக்கத்துக் கட்டத்தில் வைத்தார். வைத்த பிறகும் விரலை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.