டீமேக்கர் வீட்டு விரால்கள்

ஈரப் பாசியும் பச்சை ஈரலும் கலந்த ஒரு வாடை, அடுப்பில் என்ன தாளித்தாலும் போகாத வாடை, என் சின்ன வயதில் எங்கள் வீட்டு முன்னறையில் குடியிருந்தது. அது என் பாவாடையிலும் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை வந்ததால் பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்காருவாள். மீன் வளர்ப்பதைப் பற்றி யாராவது ஆசை ஆசையாகப் பேசினால் இன்றைக்கும் நான் எழுந்து போய்விடுவேன்.

ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தோட்டத்தில் அப்பா 'டீமேக்கர்'. தேயிலை ஃபேக்டரியில் அவர் வைத்ததுதான் சட்டம். அதனால் எங்களுக்குத் தொழிலாளர்களின் லயத்துக் காம்பரா இல்லை, ஃபேக்டரிக்கு மேலே தனிக் 'குவாட்டர்ஸ்'. அதன் முன்னறையில் புகைபோக்கி வைத்த கணப்படுப்பு ஒன்று இருந்தது. அம்மாவுக்கு இழுப்பு நோய். பனிக்காலத்தில் அவளுக்கு ஒவ்வொரு மூச்சும் ஒரு மூட்டை தூக்குவது போல. அதனால் அவள் கட்டில் அந்த அடுப்போரமாகவே கிடந்தது.

தோட்டத்துப் பெரிய துரையின் பங்களாவில் கண்ணாடித் தொட்டியில் மீன்கள் இருந்தன. ஒருநாள் அங்கே போன அப்பா, இந்த ஊர் விராலையே தொட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கலாம் என்று வாயைக் கொடுத்திருக்கிறார். துரை சிரித்துவிட்டு, "இந்தக் குளிர்ல விரால் குஞ்சு பொரிச்சா நான் ஒன்னோட வீட்டுக்கு வந்து பாக்கிறது" என்றாராம். அந்தச் சிரிப்பை அப்பாவால் செரிக்க முடியவில்லை. ஃபேக்டரித் தச்சரையும் கொல்லரையும் பிடித்து, இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி பதித்து, ஆள் படுக்கலாம் என்கிற நீளத்துக்கு ஒரு தொட்டி செய்தார். விராலுக்குச் சூடு வேண்டும். வீட்டில் சூடான இடம் ஒன்றே ஒன்றுதான்.

"கட்டிலப் பின்னறைக்கு எடுத்துப் போட்டுருவோம்" என்றார்.

"அங்க தகரத்துலருந்து தண்ணி சொட்டுதுங்க" என்றாள் அம்மா.

"கம்பளி ரெண்டாப் போத்திக்க. கொஞ்ச நாளைக்குத்தான?"

பொலன்னறுவைப் பக்கத்துக் குளத்திலிருந்து, ஈரச் சாக்கு போட்டு மூடிய தகர டின்னில், ரயிலேறி வந்தன அந்த இரண்டு விரால்களும். ஒவ்வொன்றும் அப்பாவின் முழங்கை நீளம். பாம்புத் தலை, இமைக்காத கண். துள்ளி வெளியே விழும் என்பதால் தொட்டிக்குப் பலகை மூடி போட்டு மேலே கல் ஏற்றினார். ஓடையில் குட்டி மீனும் தவளையும் பிடித்துவருவது என் வேலை. மூடியை நகர்த்திப் போட்டால் விரால் அசையாமல் கிடக்கும், பிறகு தண்ணீர் ஒருமுறை 'களுக்' என்னும், தவளை இருக்காது. குட்டி மீன் கிடைக்காத நாட்களில் டவுனிலிருந்து மாட்டீரல் வரும். அதை அம்மாவின் அரிவாள்மனையில் வைத்து அப்பா நறுக்கினார். நாங்கள் மாடு தின்னாத குடும்பம். அம்மா அந்த அரிவாள்மனையைக் கொண்டுபோய்ச் சாக்கடைக் கானில் எறிந்துவிட்டு வந்தாள்.

அடுப்பு அணையவே கூடாது என்று உத்தரவு. விறகெல்லாம் முன்னறைக்கே போனது. பின்னறையில் அம்மா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினாள். நான் அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டே, அந்த மீன்கள் இன்றே செத்துப்போக வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொள்வேன். சாமி கேட்கவில்லை. ஒரு காலையில், விரால்கள் ஒதுக்கிவிட்ட பாசிக்கு நடுவே, தண்ணீரின் மேல் மஞ்சள் மணிமணியாக முட்டைகள் மிதந்தன. சில நாளில் அவை குஞ்சுகளாகிக் கூட்டமாகத் திரிய, ஆணும் பெண்ணும் கீழே காவல் நின்றன. அதைப் பார்த்து அப்பா சிரித்தார்; பெண்டாட்டி பிள்ளையைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

சொன்னபடியே துரை வந்தார். அன்றைக்கு அம்மாவுக்கு இழுப்பு முற்றியிருந்தது. துரையின் கார் திரும்பும் சத்தம் கேட்டதும் அப்பா பின்னறைக்கு வந்தார்.

"தொரை முன்னால இழுத்துக்கிட்டு வந்து நிக்காத. உள்ளயே கெட."

கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுப் போனார். நான்தான் தேத்தண்ணித் தட்டை ஏந்திக்கொண்டு முன்னறையில் நின்றேன். துரை குனிந்து குஞ்சுகளைப் பார்த்து, அப்பாவின் தோளில் தட்டிக்கொடுத்தார். அப்போதுதான் பின்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மூச்சு உள்ளே போக வழி தேடி அலறுகிற சத்தம்.

"அது என்ன சத்தம், டீமேக்கர்?"

"பின்னால ஆடு கட்டியிருக்குங்க சார்" என்றார் அப்பா.

துரை தலையாட்டிவிட்டு மறுபடியும் மீனைப் பார்த்தார். பின்னறையில் சத்தம் நின்றுவிட்டது. துரை போனதும் தட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். சத்தம் வெளியே வராமலிருக்க, சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

மறுநாள் அப்பா ஃபேக்டரிக்குப் போன பிறகு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். நாலடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். தலவாக்கலையில் ரயிலேறி அட்டனுக்கு, தையல் கடை வைத்திருந்த என் மாமா வீட்டுக்குப் போனோம். மாமா, கடையின் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி மூட்டும் மூலையில், சூடான இடத்தில், அம்மாவுக்குப் பாய் விரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். அம்மா எழுந்திருக்காமலே கேட்டாள்.

"ஆடு காணாமப் போச்சுன்னு தேடிக்கிட்டு வந்தீங்களா?"

"வாய் தவறி வந்துருச்சு. அதுக்காக வீட்ட விட்டு வர்றதா? கெளம்பு."

"மீனு இருக்கா?"

அப்பா மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குஞ்சுங்க இப்பத்தான் வளருது" என்றார்.

"அப்ப அதுங்களப் போய்ப் பாருங்க."

அம்மா திரும்பிப் போகவே இல்லை. மாமாவின் கடையில் காஜா எடுத்து, பித்தான் தைத்து என்னைப் படிக்கவைத்தாள். இழுப்பு அவளை விடவில்லை; ஆனால் பாய் விரித்த இடத்திலிருந்து யாரும் அவளை எழுப்பவில்லை. குஞ்சுகள் வளர வளர ஒன்றையொன்று தின்று தீர்த்தன என்று பிறகு கேள்விப்பட்டேன். கடைசியில் பெரிய விரால்களும் எஞ்சவில்லை. துரையும் சீமைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் அப்பாவின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையாம்.

அந்தக் குவாட்டர்ஸ் இடிந்து, கூரைத் தகரமெல்லாம் யாரோ கழற்றிப் போய், இப்போது சுவருக்குள்ளே புல் வளர்ந்து நிற்கிறது என்கிறார்கள். ஃபேக்டரியும் மூடியாயிற்று. நான் போய்ப் பார்க்கவில்லை, பார்க்கப்போவதும் இல்லை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, அப்பா தம் கடைசிக் காலத்தை என் வீட்டில்தான் கழித்தார். அவருக்கும் நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டத் தொடங்கியிருந்தது. ஒருநாள் நான் கஞ்சி கொடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"இதவிட மோசமாங்கப்பா" என்றேன். "அதோட, வெளிய சத்தம் கேக்காமயும் பாத்துக்கிட்டாங்க."