ரேடியேட்டருக்குள் மூச்சு

விழுப்புரத்தில் ஒரு பட்டறை, திண்டிவனத்தில் ஒரு பட்டறை, வளவனூர் சாலையில் சொந்த இடத்தில் லேத்துக் கூடம், அதன் பின்னால் மூன்று மாடி வீடு. அத்தனையும் நான்காம் வகுப்போடு நின்றுபோன இந்தக் கை எழுப்பியது. எந்தக் கார் சூடேறினாலும் பானெட்டைத் தூக்குமுன்பே காரணம் சொல்வேன். படித்த பிள்ளைகள் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னிடம்தான் வருவார்கள். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் ஏதோ ஒரு பட்டறையைச் சொல்லிவைப்பேன். பொய். ஒன்பது வயதில் ஒரு கிணற்றடியில் கற்றேன்.

என் தாய்மாமா விழுப்புரத்தில் வாடகைக் கார் ஓட்டினார். திண்டிவனம் போகும் சாலையோரம் அவருக்கு வேர்க்கடலை விளையும் ஒரு மல்லாட்டைக் கொல்லையும் கிணறும் இருந்தன. அத்தை அந்தக் கிணற்றில் விழுந்து இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கால் வழுக்கிவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகுதான் இது ஆரம்பித்தது. விழுப்புரத்தில் கிளம்பும் கார், அந்தக் கொல்லைக்கு எதிரே வந்ததும் கொதித்து நிற்கும். ரேடியேட்டரில் தண்ணீர் பாதிதான் இருக்கும். வண்டிக்கு அடியிலோ ஒரு சொட்டு ஈரம் இருக்காது. மாமா ரப்பர் குழாயை மாற்றினார், ரேடியேட்டரை அலசினார், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். தண்ணீர் குறைந்துகொண்டேதான் இருந்தது.

"அவளுக்கு இன்னும் தாகம் அடங்கல" என்று என் அம்மா அடுப்படியில் முணுமுணுப்பாள்.

மாமாவுக்கு இரண்டாம் தாரமாக ஒலக்கூரில் பெண் முடிவாயிற்று. கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, கூறைப்புடவை எடுக்க விழுப்புரம் வந்த பெண்ணையும் அவள் அப்பாவையும் மாமா தன் காரிலேயே திருப்பி அழைத்துப் போனார். நான் முன்சீட்டில். உச்சிப்பொழுது. கொல்லைக்கு எதிரே வண்டி நின்றது.

பெண்ணின் அப்பா சிரித்தார். "இன்னா மாப்ள, மாமனாருன்னா இப்பவே வேலை வாங்கலாம்னு பாக்குறீங்களா? எறங்கித் தள்ளணுமா?"

"தள்ள வேணாங்க. சூடு ஆறட்டும்."

கேனில் தண்ணீர் போதவில்லை. மாமா அந்தக் கிணற்றுப் பக்கம் தலையைத் திருப்பவும் மாட்டார். நான்தான் ஓடி ஒரு வாளி மொண்டுவந்தேன். சூடு ஆறியதும் ஈரச்சாக்கைப் போட்டு மூடியைத் திறந்தார். இஞ்சினை ஓடவிட்டு என்னை ஊற்றச் சொன்னார். ஒரு காக்கை கத்தவில்லை. பனைமட்டைகூட அசையவில்லை. புகைக்குழாயிலிருந்து மட்டும் சாம்பிராணி போட்டதுபோல வெள்ளைப் புகை. குனிந்து ரேடியேட்டர் வாய்க்குள் பார்த்தேன். இருட்டில் தண்ணீர் தளும்பியது. அடியிலிருந்து ஒரு குமிழி வந்து உடைந்தது. அப்புறம் இன்னொன்று. விடாமல், நிதானமாக.

"மாமா, உள்ள யாரோ மூச்சு வுட்டுக்கினு கீறாங்க. தண்ணிக்கு அடியில."

மாமாவின் கையிலிருந்த மூடி தரையில் விழுந்து உருண்டது. முதல்முறையாகக் கிணற்றைப் பார்த்தார்.

"நான் தள்ளல. சத்தியமா நான் தள்ளலடி."

எனக்குத் தெரிந்தது வண்டி மட்டும்தான். "நீங்க தள்ள வேணாம் மாமா, நானும் அவரும் தள்றோம். நீங்க ஏறி கியரு போடுங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பெண்ணின் அப்பா கதவைத் திறந்து மகளைக் கைப்பிடித்து இறக்கினார். "வாம்மா, பஸ்ல போய்க்கலாம்." புடவைப் பொட்டலத்தைச் சீட்டிலேயே விட்டுவிட்டு இருவரும் வெயிலில் நடந்தார்கள். பேய்க்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று நான் சிரித்தேன். கல்யாணம் நின்றுபோனது. யாரும் கேட்காத கேள்விக்கு மாமா ஏன் பதில் சொன்னார் என்பது எனக்குப் புரிய மீசை முளைக்க வேண்டியிருந்தது.

குமிழி என்று நான் சொன்னதுமே மெக்கானிக் இஞ்சினின் ஹெட்டைக் கழற்றிவிட்டார். ஹெட்டுக்கும் இஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் தகடு வெந்துபோயிருந்தது. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் புகையாய்ப் போயிருக்கிறது, புகை குமிழியாய்த் தண்ணீருக்குள் வந்திருக்கிறது. வண்டி கொதிக்கும் அளவுக்குத் தண்ணீர் குறைய, விழுப்புரத்திலிருந்து கொல்லை வரைக்குமான தூரம் ஆகியிருக்கிறது. புதுக் கேஸ்கெட் போட்ட பிறகு கார் அங்கே நிற்கவில்லை. மாமாதான் நிறுத்துவார். இறங்கி, மூடியைத் திறந்து, காதை வைத்துக் கேட்பார்.

அந்தப் பெண் இன்று வானூரில் பேரன் பேத்தியோடு நன்றாக இருக்கிறார். தன் அப்பாவின் புத்திதான் தன்னைக் காப்பாற்றியது என்று எல்லோரிடமும் சொல்கிறாராம். அந்த அப்பா புத்திசாலிதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் மாமாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்கியது யார்? குனிந்து பார்த்தவன் நான். பார்த்ததைச் சொன்னவனும் நான். அந்த அம்மா இனி யாரிடம் இதைச் சொன்னாலும் என் பேரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.